ஒன்பதாவது ரீலில் ஒரு குரல்

இப்போது ஓடுவது ஆறாவது ரீல். ரீல் என்று ஒன்று இப்போது கிடையாது, முழுப் படமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது என்று, பழைய பிரிண்டைச் சுத்தம் பண்ணிப் புதுப்பித்த மீனலோசனி காலையில் காட்டினாள், நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு தகர டப்பாவில் அடைத்து இரண்டு ஆள் தலையில் சுமந்த சாமான் இன்றைக்கு அந்தப் பெண்ணின் கைப்பையில் சீப்புக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவில் கிடக்கிறது, இருந்தாலும் என் மண்டைக்குள் ரீல்தான் சுற்றுகிறது, அதோ தங்கச் சுரங்கத்துச் சாம்பல் மேட்டில் பெண்கள் வரிசையாக ஏறுகிறார்கள், இது ஆறு, குழாயடி ஏழு, கோர்ட்டு எட்டு, லூர்தம்மாள் ஒப்பாரி வைப்பது ஒன்பது. இன்னும் அரை மணி நேரம். அரை மணி நேரம் தாங்குமா என்று அடிவயிறு கேட்கிறது. திரைப்பட விழாவில் இடைவேளை விடமாட்டார்கள், கலைப்படம் பார்க்கிறவனுக்கு மூத்திரம் வராது என்று எவனோ முடிவு கட்டியிருக்கிறான், எழுபத்தேழு வயசுக்காரனுக்கு வரும், அதுவும் இந்த ஏசிக்கு வரிசையில் நின்று வரும். எழுந்து போகலாம். போனால் படிக்கட்டில் கால் தேடி, கதவு தேடி, திரும்ப இருட்டில் சீட்டு தேடி வருவதற்குள் ஒன்பதாவது ரீல் ஓடிப்போய்விடும். அது ஓடும்போது நான் இங்கே இருந்தாக வேண்டும். அதில் ஒரு குரல் வரும். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு சொல், 'போதும்மா' என்று ஒரு பெண் குரல், முகம் தெரியாது, அவ்வளவுதான். படம் முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள், டைரக்டர் ஏகாம்பரம் அவர்களே என்பார்கள், அப்போது நான் சொல்லப் போகிறேன், கேட்டீர்களே ஒரு குரல், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் இந்தப் படத்தை எடுத்தாள், பெயர் ஜெயராக்கினி, நான் எடுக்கவில்லை. மூன்று வரி. மூன்று வரியை வாயில் வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருஷம் வெற்றிலை போல மென்றுகொண்டிருக்கிறேன், துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

குரல் எதற்கு, வெறுமனே சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், நான் சொன்னால் எவன் நம்புவான். கோடம்பாக்கத்தில் புளுகுக்கு ஒரு சர்வகலாசாலை திறந்தால் ஏகாம்பரம்தான் துணைவேந்தர் என்று எடிட்டர் செங்கழுநீர் மேடை போட்டுச் சொன்னான், நானும் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டினேன். பொள்ளாச்சியில் என் வசனத்தை ஒரு யானை திருத்தியது என்று சொல்லியிருக்கிறேன், கதாநாயகன் பேசப் பேச அது மூன்று தடவை தலையை ஆட்டி மறுத்துவிட்டது, நாலாவது தடவை நான் ஒரு வார்த்தையை மாற்றினேன், தும்பிக்கையைத் தூக்கி ஒப்புக்கொண்டது. கேமராவில் பிலிம் போட மறந்து ஒரு முழுப் பாட்டையும் எடுத்ததாகவும், அந்த நடிகை ஆடிய ஆட்டத்தில் லென்ஸிலேயே பிம்பம் தங்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் அடுத்த கேள்வி கேட்கமாட்டான். இதை நான் கற்றுக்கொண்டது இந்தப் படத்தில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், முதல் தடவையாகப் பிலிம் சொசைட்டியில் போட்டபோது, கண்ணாடி போட்ட ஒருத்தர் எழுந்து கேட்டார், அடுப்படிக் காட்சியிலெல்லாம் கேமரா ஏன் அவ்வளவு கீழே உட்கார்ந்திருக்கிறது என்று. எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இறக்கு என்று ராக்கினி சொன்னாள், இறக்கச் சொன்னேன். ஒரு நொடி, இரண்டு நொடி, அந்த இரண்டாவது நொடியில் உண்மை தொண்டைவரைக்கும் வந்தது, அப்போதுதான் எங்கிருந்தோ அந்தக் குரங்கு வந்தது, தங்கவயலில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ட்ரைபாட் காலை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாகவும், மிச்சமிருந்த கட்டைக்காலில் வைத்தே இருபத்தேழு நாளும் எடுத்ததாகவும் சொன்னேன். ஹால் அதிர்ந்தது. கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். என் ஆயுசுப் புளுகெல்லாம் அந்தக் குரங்கு போட்ட குட்டிகள்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு காரணம் கேட்டார்கள், எனக்கு ஒன்றுக்கும் காரணம் தெரியாது, காரணம் இருக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு மிருகத்தையோ ஒரு பேயையோ உட்காரவைத்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் ஒடெஸ்ஸா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அமெரிக்காவில் தெற்கே எங்கேயோ ஊர், கறுப்பினப் பெண், எழுபது தாண்டியிருக்கும், தலையை ஒட்டக் கத்தரித்து, முழங்கை வரை வெள்ளி வளையல். இந்த வருஷ விழாவுக்குச் சிறப்பு விருந்தாளி, வாழ்நாள் சாதனையாளர் விருதை என் கையில் கொடுக்கப்போவது அவள்தான். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே போட்டார்கள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே கதை சொன்னாள், என் கதைகளைப் போல இல்லை, அதில் ஒரு மிருகம்கூட இல்லை. லாண்டரியில் துணி வெளுக்கிற கறுப்புப் பெண்களைப் பற்றி ஒரு படம், ஆறு வருஷம் வார விடுமுறையில் மட்டும் எடுத்திருக்கிறாள், நடித்தவர்களெல்லாம் அவள் அம்மாவோடு வேலை செய்தவர்கள். முடித்துக் கொண்டுபோனால் ஒருத்தன் இது படமே இல்லை ஆவணம் என்றானாம், இன்னொருத்தன் படம் நன்றாக இருக்கிறது, யார் உதவி செய்தார்கள் என்றானாம், மூன்றாமவன் ஒளிப்பதிவு செய்த வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுக் கை குலுக்கினானாம். முப்பது வருஷம் ஒரு கல்லூரி நிலவறையில் கிடந்திருக்கிறது. பிறகு ஒரு இளைஞன் எடுத்துப் போட்டுப் பார்த்து எழுதினான், உலகம் கைதட்டியது. அவள் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னைக் கண்டுபிடித்தார்களாம். நான் தொலையவே இல்லையே. அதே வீடு, அதே டெலிபோன் நம்பர்." அப்புறம் விரல்விட்டு விருதுகளைச் சொன்னாள், ஒன்பது வாழ்நாள் விருது, எந்த வாழ்நாளுக்குக் கொடுக்கிறார்கள் தெரியவில்லை, இரண்டாவது படம் எடுக்க ஒருத்தரும் கொடுக்கவில்லை, எல்லோரும் முந்தைய படம் எது என்று கேட்டார்கள், முந்தைய படம் நிலவறையில் இருந்தது. நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன், அது கூழாகிவிட்டது. முந்தைய படம் எது. ராக்கினியையும் இதே கேள்விதான் கேட்டிருப்பார்கள். திடீரென்று ஒடெஸ்ஸா, உன் படத்தை ஏற்கனவே கணினியில் பார்த்துவிட்டேன், அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் கண் எந்த உயரமோ அந்த உயரத்தில் கேமரா இருக்கிறது, நின்றுகொண்டு சாப்பாடு கேட்கிற ஆணுக்கு அந்த உயரம் தெரியாது, யார் வைத்தது, என்று கேட்டாள். நான் குரங்கை அவிழ்த்துவிட்டேன். இங்கிலீஷில் குரங்கு கொஞ்சம் நொண்டியது, ஆனாலும் மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்கிற அதிகாரி மாதிரி என்னைப் பார்த்தாள். "அது பெண் குரங்காக இருக்கும்," என்றாள். அந்த நிமிஷம்தான் தீர்மானம் பண்ணினேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது.

ஏழாவது ரீல். குழாயடி. வரிசையில் குடங்கள் மட்டும், ஆளே இல்லை, சைரன் ஊதுகிறது, எல்லோரும் சுரங்க வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள், உள்ளே செத்தது யார் புருஷன் என்று தெரியாது, குடங்கள் நிற்கின்றன, தண்ணீர் ஒரு குடத்தில் நிரம்பி வழிகிறது. எவ்வளவு நேரம். நான் அன்றைக்குக் கட் சொல்லப் போனேன், முதுகில் ஒரு விரல் குத்தியது, இருங்கண்ணே. இருந்தேன். உலகத்தில் எந்தப் புத்தகம் போட்டாலும் இந்தக் குடங்கள் அதில் இருக்கின்றன, கீழே என் பெயர். அந்த விரலை எப்போதும் வெள்ளைக் கையுறைக்குள் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம், அவள் பிலிம் லேபில் நெகட்டிவ் கட்டிங்கில் இருந்தாள், மேஜைக்கு அடியில் வெளிச்சம், கையில் பருத்தி உறை, ஊர் உலகத்து டைரக்டர்கள் எடுத்த ஷாட்டையெல்லாம் எண் பார்த்து வெட்டி ஒட்டுகிற வேலை, ஏழு வருஷத்தில் முந்நூறு படம் அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது, எவன் எங்கே பொய் சொல்கிறான் என்று பிலிமைத் தடவியே சொல்வாள். தங்கவயல்காரி. மைனிங் லைனில், சுரங்கக் கூலிகளின் வரிசை வீடு, சொன்னாலே சாதி தெரிந்துவிடும், பத்துக்கு எட்டு அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவள், நல்ல கறுப்பு, அந்தக் கறுப்பைச் சொல்லி லேபில் கிண்டல் செய்வார்கள், இருட்டறைக்கு ஏற்ற ஆள் என்று, அவளும் ஆமாம் சார் நீங்கள் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போவீர்கள், நான் கெடமாட்டேன் என்பாள். அப்பா தூசி இருமலில் செத்தவர், அம்மா விதவை, அந்த அம்மாவின் கதையை லேபில் வீணாய்ப் போன அட்டைகளின் பின்பக்கம் ஷாட் ஷாட்டாக வரைந்து வைத்திருந்தாள், அறுநூற்றுப் பதினான்கு அட்டை. நான் அப்போது நாலு படத்தில் அசிஸ்டென்ட், யூனியன் கார்டு உண்டு, மணியக்காரர் வீட்டுப் பிள்ளை, எந்த ஆபீசிலும் நாற்காலி போடுவார்கள். அட்டைகளை நான்தான் பணம் போடச் சொல்லி ஆம்பூர் தோல் மண்டி ஜம்புலிங்கத்திடம் கொண்டுபோனேன், அவளையும் கூட்டிக்கொண்டு. அறையில் மூன்று நாற்காலி, இருந்தது மூன்று பேர், அவள் நின்றுகொண்டிருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை, நான்கூட. ஜம்புலிங்கம் நல்ல மனுஷன், கதை கேட்டு அழுதார், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பளை பேரு, அதுவும் லைன் வீட்டுப் பொம்பளை பேரு போஸ்டர்ல இருந்தா ஒரு டிஸ்ட்ரிபியூட்டரும் ஏரியா வாங்கமாட்டான் தம்பி. இதுக்கு உன் பேரு இருக்கட்டும். அடுத்ததுக்கு அது பேரைப் போட்டுக்கலாம்." அது. அவளை அது என்றார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த அட்டைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் இத்தனை வருஷமாக என் வக்கீலாக வைத்திருக்கிறேன், அவளே சம்மதித்தாள், அவளே சம்மதித்தாள். இருபத்தேழு நாள் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொல்வாள், நான் உரக்கச் சொல்வேன். ஒலிபெருக்கிக்குத் தேசிய அளவில் பதக்கம் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒலிபெருக்கி தனியாகப் பதினோரு படம் எடுத்தது. பின்னால் சொல்ல ஆள் இல்லாத ஒலிபெருக்கி எப்படி இருக்கும், கொர்ரென்று இருக்கும், பதினோரு படமும் கொர்ரென்றுதான் இருந்தன, அதற்கும் கட்டுரை எழுதினார்கள், ஏகாம்பரத்தின் வீழ்ச்சி ஒரு மர்மம், முதல் படத்தில் எரிந்த மேதை ஏன் அணைந்தார். ஒரு மர்மமும் இல்லை. அவள் அடுத்த கதையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீசாக ஏறினாள், என்னம்மா பண்ணியிருக்கே இதுக்கு முன்னாடி என்பார்கள், ஒன்றைப் பண்ணியிருக்கிறாள், அது என் பெயரில் இருக்கிறது, சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஒரு கம்பெனியில் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அவர்கள் எனக்கு போன் பண்ணிச் சிரித்தார்கள், சார் ஒரு அம்மா வந்து இந்த மாதிரி சொல்லுது. நான் என்ன சொன்னேன். நானும் சிரித்தேன். சிரித்தேனா, அல்லது நல்ல பொண்ணு பாவம் என்றேனா, சிரித்துவிட்டுத்தான் பாவம் என்றேன். கோர்ட்டு வந்துவிட்டது, எட்டு. வாயைத் திறக்காத சாட்சியைச் சுற்றிக் கேமரா நகர்கிறது. முன்வரிசையில் ஒருத்தன் செல்போனை எடுத்துப் பார்க்கிறான், வெளிச்சத்தில் அவனுக்குப் பக்கத்துச் சீட்டு காலி என்று தெரிகிறது, அதற்குப் பக்கத்திலும் காலி. ஹாலில் பாதி காலி. விளக்கு அணைக்குமுன்னே பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் ராக்கினி போன் பண்ணினாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம், குரல் மட்டும் அப்படியே இருந்தது, தழைந்து, யாரையும் எழுப்பிவிடாத குரல். பேப்பரில் போட்டிருக்காங்கண்ணே, புதுசு மாதிரி சுத்தம் பண்ணிப் போடறாங்களாமே என்றாள். உடம்பு எப்படி இருக்கு என்று நான் கேட்டேன், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று யாருக்கோ நடப்பதைப் போலச் சொன்னாள். பிறகு, "ரெண்டு பாஸ் கிடைக்குமாண்ணே? பெரிய திரையில ஒரு தடவை பார்த்துடறேன். மக கூட்டிட்டு வர்றேங்கறா." அவ்வளவுதான் கேட்டாள். பெயர் கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை, இரண்டு சீட்டு கேட்டாள். ஹவுஸ்புல்லும்மா, எனக்கே ஒரு பாஸ்தான் கொடுத்தாங்க என்றேன். ஏன் சொன்னேன். வாய் சொன்னது. அவள் இங்கே இருட்டில் உட்கார்ந்திருக்க, மேடையில் நான் எந்தக் குரங்கை இழுத்துவருவது, அந்தப் பயம் சொன்னது. சரிண்ணே பரவால்ல என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள். இரண்டு சீட்டு. இங்கே நாற்பது காலியாக இருக்கிறது, எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணிவிட்டேன், ஒவ்வொன்றும் குஷனை மடித்துக்கொண்டு வாயை மூடிய மாதிரி நிற்கிறது.

குரல் இருக்கும். மீனலோசனிதானே சுத்தம் பண்ணினாள், கெட்டிக்காரி, பிலிமைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறவள், படத்தில் அவளுக்கு மனப்பாடம் ஆகாத இடமில்லை. அந்தக் குரல் இருந்துவிட்டால் போதும், அதை இன்றைக்கும் போனில் கேட்டுச் சரிபார்க்கலாம், அதே தழைந்த குரல், என் வாய் தேவைப்படாத ஒரே சாட்சி. ஒப்பாரியை மட்டும் பின்னால் டப்பிங் பண்ணவில்லை, பண்ண முடியவில்லை, லூர்தம்மாள் நடிகை இல்லை, லைனில் இருந்த உண்மையான விதவை, புருஷனை அடக்கம் பண்ணி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. உங்க வீட்டுக்காரரை நினைச்சு ரெண்டு வரி பாடுங்கம்மா என்றுதான் ராக்கினி சொன்னாள், அந்த அம்மா ஆரம்பித்தாள், ஆரம்பித்தது நிற்கவில்லை, கேமராவை மறந்துவிட்டாள், எங்களை மறந்துவிட்டாள், பிலிம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குக் கட் சொல்லத் தெரியவில்லை, அழுகிற ஒருத்தியைப் பார்த்துக் கட் என்று கத்துவதற்கு ஒரு தடித்தோல் வேண்டும், அது என்னிடம் இருந்தது, ஆனால் அன்றைக்குப் பார்த்து அதையும் காணோம். அப்போது ராக்கினி என்னைத் தாண்டி ஒரு அடி முன்னால் போய்ச் சொன்னாள், போதும்மா. கட் இல்லை, போதும்மா. அந்த அம்மா நிமிர்ந்து சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், அந்தப் பார்வையோடு ஷாட் முடிகிறது, குரலை வெட்டினால் பார்வையும் போய்விடும் என்று எடிட்டிங்கில் விட்டுவைத்தோம். இதற்கு வந்த வியாக்கியானம் இருக்கிறதே, ஒருத்தர் இது கடவுளின் குரல் என்று எழுதினார், இன்னொருத்தர் வரலாற்றின் குரல் என்றார், பம்பாயில் ஒருத்தர் அந்த ஒரு சொல்லுக்குப் பதினாலு பக்கம். என்னைக் கேட்டபோது மயிலாப்பூரில் மௌன விரதம் இருந்த ஒரு கன்னிகாஸ்திரீயைக் கூட்டிவந்து டப்பிங் பேசவைத்தேன், வாழ்நாளில் அந்த ஒரு சொல்தான் பேசினாள் என்றேன். அதையும் ஒருத்தர் அடிக்குறிப்பாகப் போட்டார். இருக்கும். பட்டியல் அனுப்பினாளே மீனலோசனி, ஆறு மாதத்துக்கு முன்னால், கீறல், பூஞ்சை, மைக் நிழல், குதிப்பு, இருநூற்றுப் பதினாலு குறை, டைரக்டர் என்ற முறையில் நீங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் கை வைப்போம் சார் என்று. பார்த்தேன். பத்துப் பதினைந்து வரை பார்த்தேன். கடைசியில் அனைத்தும் சரி, நீக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. படிக்கவில்லைதானே. ஒரு வரியில் பேனா நின்றது ஞாபகம் இருக்கிறது, எந்த வரி, பூஞ்சையாக இருக்கும், ஏதோ ஒரு ரீல் எண், ஏதோ வெளிக்குரல் என்று, வெளிக்குரல் என்றால் ஆயிரம் இருக்கும், யூனிட்டில் எவனாவது இருமியிருப்பான். நின்றது. அப்புறம் நகர்ந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேனா. போட்டிருந்தேன்.

ஒன்பது. வந்துவிட்டது. அதே அறை, அதே சிம்னி வெளிச்சம், லூர்தம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கேமராவும் அவளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. மண்ணுக்குள்ள போனவரே, மண்ணை நெஞ்சில் கொணாந்தவரே. இவ்வளவு துல்லியமாக இதை நான் கேட்டதே இல்லை, அவள் மூச்சு வாங்குவது, வளையல் இல்லாத கை தரையில் தட்டுவது, வெளியில் எங்கோ ஒரு கோழி. பக்கத்தில் ஒடெஸ்ஸாவின் வெள்ளி வளையல்கள் ஒருதரம் குலுங்கி நின்றன. நான் மூத்திரத்தை மறந்துவிட்டேன். இப்போது மார்பில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்கிறாள், இப்போது குரல் உடையும், உடைகிறது, இப்போது வார்த்தை போய் வெறும் சத்தம், இப்போது. லூர்தம்மாள் நிமிர்ந்தாள். பார்த்தாள். ஒன்றுமில்லாததைப் பார்த்தாள். யாரும் கூப்பிடாமல், யாரும் தேற்றாமல், சும்மா ஒரு பைத்தியக்காரி மாதிரி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து எதையோ பார்த்தாள், ஷாட் முடிந்தது, பத்தாவது ரீல் ஆரம்பித்துவிட்டது. காது கேட்கவில்லையோ, என் இடது காது கொஞ்சம் மந்தம், வலது பக்கம் நன்றாகக் கேட்கும், கோழி கேட்டதே, கோழியை விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்து மீனலோசனி திரும்பி இருட்டில் என்னைத் தேடிப் பார்த்து, எப்படி சார் என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். முகமெல்லாம் பெருமை. நானும் தலையை ஆட்டினேன். பாவம், அவள்மேல் என்ன தப்பு, டைரக்டர் கையெழுத்துப் போட்டார், டைரக்டரின் குரலை எடுத்துவிட்டாள். பேனா நின்ற வரி எதுவென்று இப்போது நன்றாகத் தெரிகிறது, எழுத்துக்கூட ஞாபகம் வருகிறது, ஒன்பது, பெண் வெளிக்குரல், யூனிட் ஆளுடையது போலும், நீக்கலாமா. படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

மூன்று ரீல் எப்படிப் போனதென்று தெரியாது. விளக்கு போட்டார்கள், கைதட்டினார்கள், நாற்பது சீட்டு காலியாக இருந்தும் நல்ல சத்தம். கழிப்பறைக்குப் போகக்கூட விடவில்லை, நேரே மேடை. நடுவில் நான், ஒரு பக்கம் ஒடெஸ்ஸா, அவள் காதருகே குனிந்து நான் பேசுகிற தமிழை இங்கிலீஷில் சொல்வதற்குப் பேராசிரியை கஜலட்சுமி, மறுபக்கம் மைக்கும் கையுமாக விழாச் செயலாளர் உதயசூரியன், அவர், சார் இன்னைக்கு என்ன அவிழ்த்துவிடப் போறாரோ என்று ஆரம்பித்துவைத்தார், அதற்கே ஒரு சிரிப்பு. மைக் கைக்கு வந்தது. சாட்சி இல்லை. நான் மட்டும் இருக்கிறேன். சொல் என்றது ஏதோ, சாட்சி இல்லாவிட்டால் என்ன, சொல். "இந்தப் படத்தை நான் எடுக்கவில்லை," என்றேன். சிரித்தார்கள். மறுபடி சொன்னேன், பெயர் ஜெயராக்கினி, நெகட்டிவ் கட்டிங்கில் வேலை பார்த்தவள், தங்கவயலில் மைனிங் லைனில் பிறந்தவள், அறுநூற்றுப் பதினான்கு அட்டையில் இந்தப் படத்தை வரைந்து வைத்திருந்தாள், நாற்காலி இருந்தும் நிற்கவைத்தோம், ஆளையும் சாதியையும் பார்த்துப் பெயரை எடுத்தோம். சிரிப்பு குறைந்தது. இங்கே ஒன்று அங்கே ஒன்று, பிறகு அதுவும் இல்லை. ஹால் அடங்கிவிட்டது. கஜலட்சுமியின் முணுமுணுப்பு மட்டும் கேட்கிறது, ஒடெஸ்ஸா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், என் வாயையே பார்க்கிறாள், மீனலோசனி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நம்புகிறார்கள். எழுபத்தேழு வயசில் முதல் தடவையாக ஒரு ஹால் முழுக்க என்னை நம்புகிறது. போனவாரம் ராக்கினி போன் பண்ணியதைச் சொன்னேன், பாஸ் கேட்டதைச் சொன்னேன், இல்லை என்று பொய் சொன்னதைச் சொன்னேன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த அமைதி இருக்கிறதே, அது கள்ளைப் போல. இத்தனை வருஷம் சிரிப்பில் குடித்தவன் முதல் தடவையாக அமைதியில் குடிக்கிறேன், ஜிவ்வென்று ஏறுகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு வாய். சாம்பல் மேட்டுக் காட்சிக்காக ஒரு மேகம் வரட்டும் என்று யூனிட் முழுவதையும் பதினோரு நிமிஷம் காக்கவைத்தாள் என்றேன். அது உண்மை. சத்தியமான உண்மை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவதற்கு நான் மூச்சையும் இழுத்துவிட்டேன், ஆனால் வாய் தன்பாட்டுக்குப் போனது, பழகிய வண்டிமாடு, வீட்டுக்கு வழி தெரியும். "பன்னிரண்டாவது நிமிஷம் மேகமே கீழே இறங்கிவந்து, நான் வந்துட்டேன், எங்கேம்மா நிக்கணும் என்று அவளைக் கேட்டது," என்றேன்.

பிறகு ஹால் இடிந்து விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை, அடக்கிவைத்திருந்த மூச்செல்லாம் சேர்ந்து வந்தது, அப்பாடா என்று வந்தது, ஏமாந்துவிட இருந்தோமே என்று ஒருத்தர் தொடையில் ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். உதயசூரியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார், ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன் சார் என்றார். மீனலோசனி நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கைதட்டினாள். இல்லை, மேகம் மட்டும்தான், மற்றதெல்லாம் நிஜம் என்றேன், மைக்கில்தான் சொன்னேன், அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் ஒடெஸ்ஸாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒருத்திதான் சிரிக்காமல் இருந்தாள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, என்ன, என்ன சொன்னார் என்று கேட்டபடி காதைக் கஜலட்சுமியின் பக்கம் சாய்த்திருந்தாள். கஜலட்சுமிக்கும் சிரிப்பு அடங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு, திணறித் திணறி மேகத்தை இங்கிலீஷாக்கிச் சொல்லி முடித்தாள். அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவளும் சிரித்தாள்.